ஓர் ஈயின் பெயருக்காக

பஸரா நகரத்தில் அப்துல்லாஹ் இப்னு ஸவ்வார் என்றொரு நீதிபதி இருந்தார். நிதானத்திலும் கண்ணியத்திலும் அவருக்கு நிகரானவரை அந்நகர மக்கள் கண்டதில்லை. வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு நீதி இருக்கையில் அமர்ந்தாரானால் சாய மாட்டார். கையை அசைக்க மாட்டார். இப்புறம் அப்புறம் திரும்ப மாட்டார். நட்டு வைத்த கல்தூண் போல இருப்பார். ஒரு நாள் ஓர் ஈ வந்து அவர் மூக்கின்மேல் அமர்ந்தது. பொறுத்தார். அது கண்ணின் ஓரத்திற்கு நகர்ந்தது. அப்போதும் பொறுத்தார். பிறகு இமையைக் கொட்டினார். ஈ எழுந்து மீண்டும் அங்கேயே அமர்ந்தது. இறுதியில் கையை வீசினார். சட்டையின் கைத்தலைப்பால் விரட்டினார். மன்றம் முழுதும் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனிதருள் உறுதி மிக்கவர் என்று தம்மை எண்ணியிருந்தவர், படைப்புகளில் மிக எளியதொன்று தம்மை வென்றுவிட்டதை அனைவர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். இறைவனையன்றி மனிதர் அழைக்கும் எவையும் ஓர் ஈயைத்தானும் படைக்க மாட்டாமையைப் பேசும் திருமறையின் 22ஆம் அத்தியாயத்து 73ஆம் வசனத்தை ஓதினார்.

பஸராவிலேயே வாழ்ந்த அல்ஜாஹிஸ் என்னும் பேரறிஞர், 9ஆம் நூற்றாண்டில் தாம் இயற்றிய 'கிதாபுல் ஹயவான்' என்னும் விலங்கு நூலில் இந்நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். இதனை நினைக்கும்போதெல்லாம் நான் சிரித்ததுண்டு. சென்ற கார்த்திகைக்குப் பின் சிரிக்க இயலவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஓர் ஈ என்னையும் என் இருக்கையிலிருந்து அசைத்துவிட்டது.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இடையில் கிடக்கும் நீண்ட தீவே ஸ்ரீரங்கம். அத்தீவின் மேலணைக் காப்புக் காட்டில் 2015ஆம் ஆண்டில் அரசு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்றைத் திறந்தது. வண்ணத்துப்பூச்சிகள் தேனுண்ணும் மலர்ச்செடிகளும், அவற்றின் புழுக்கள் இலையுண்ணும் செடிகளும் அங்கு வளர்க்கப்படுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகள் அங்கே காணப்பட்டிருக்கின்றன. விடுமுறை நாள்களில் குழந்தைகளோடு வரும் குடும்பங்களின் மகிழ்ச்சியைப் பார்ப்பதே ஒரு காட்சி. 2019இல் 'தமிழ் மறவன்' என்னும் வண்ணத்துப்பூச்சியைத் தமிழ்நாடு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அழகுக்கு மக்கள் தரும் மதிப்பு அது. மாநில ஈ என்று ஒன்றை அறிவிக்க எந்த அரசும் துணியாது.

என் தங்கை மகன் ஒருவன் கல்லூரியில் அறிவியல் பயில்கிறான். எல்லாரும் வண்ணத்துப்பூச்சியைப் படமெடுக்க, அவன் மட்டும் ஈக்களைப் படமெடுப்பவன். அவனுடன் நானும் அப்பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே கொள்ளிடக் கரையோரம் எருக்கஞ் செடிகளிடையே நடந்தேன். ஓர் இலையில் 'வெந்தய வரியன்' என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரியோடி, இலையின் ஓரத்தை அரித்துக்கொண்டிருந்தது. அதனருகே சாம்பல் நிறத்தில், உடலெங்கும் முரட்டு மயிர் சிலிர்த்த ஓர் ஈ வந்து அமர்ந்தது. வீட்டு ஈயைவிடச் சற்றே தடித்தது. அது தன் வால்முனையை இலையில் தொட்டுத் தொட்டு எடுத்தது. பையன் மூச்சை அடக்கிக்கொண்டு படமெடுத்தான்.

பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் நின்று, என்ன பார்க்கிறோம் என்று கேட்டார். அந்த ஈயின் குஞ்சுகள் இந்தப் புழுவை உள்ளிருந்து தின்றுவிடும் என்று பையன் விளக்கினான். அம்மூதாட்டியின் முகம் சுருங்கியது. "அந்தப் பாழாய்ப்போற ஈயை அடிச்சுக் கொல்லு தம்பி. பூச்சி பிழைச்சுப் போகட்டும்" என்றார். பையன் சிரித்துக்கொண்டே ஈயை விட்டுவிட்டான். ஆனால் அந்தப் புழுவை இலையோடு கிள்ளி ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு வீட்டுக்கு எடுத்து வந்தான்.

இந்த ஈக்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டாக்கினிடே என்பது இவற்றின் குடும்பப் பெயர். உலகெங்கும் ஏறத்தாழ 8,500 வகைகள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. பெயரிடப்படாதவை இன்னும் மிகுதி. வளர்ந்த ஈ தேனையும் இலைமேல் படிந்த இனிப்பையும் உண்டு வாழும் சாது. அதன் குஞ்சுப் புழுவோ பிற பூச்சிகளின் உடலுக்குள்ளேதான் வளர முடியும். சில வகைகள் பூச்சியின் தோல்மேல் முட்டையை ஒட்டிவிடும். சில வகைகள் தூசு போன்ற நுண்ணிய முட்டைகளை இலையில் இட்டுவிட்டுப் போகும். இலையைத் தின்னும் புழு, தன் அழிவையும் சேர்த்தே விழுங்கும். இன்னும் சில, முட்டையை வயிற்றிலேயே பொரித்து உயிருள்ள குஞ்சாக இடும். உள்ளே புகுந்த குஞ்சு முதலில் உயிருக்கு இன்றியமையாத உறுப்புகளைத் தொடுவதில்லை. புழு உண்கிறது, வளர்கிறது, கூட்டுப்புழுவாகவும் மாறுகிறது. அதன் பின்னரே கடன் தீர்க்கப்படுகிறது.

எங்கள் புட்டியில் நடந்ததும் அதுவே. புழு மூடியின் அடியில் தலைகீழாகத் தொங்கிப் பச்சை மணி போன்ற கூடாயிற்று. சில நாள்களில் அம்மணி கறுத்தது. ஒரு காலை நேரம், அதிலிருந்து மெல்லிய இழையைப் பற்றியபடி வெண்ணிறப் புழுக்கள் மூன்று கீழே இறங்கின. இறங்கியவை சுருங்கிப் பழுப்பு நிறக் குன்றிமணிகளாயின. இரண்டு வாரத்திற்குள் மூன்று ஈக்கள் வெளிப்பட்டு, இறக்கை உலர்த்தி நின்றன. வண்ணத்துப்பூச்சிக்குக் காத்திருந்த என் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அல்லாஹ் இத்தகைய உயிரை ஏன் படைத்தான்? இவ்வினா புதியதன்று. புழுவை உள்ளிருந்து தின்னும் குளவிகளை எண்ணி, அன்பும் வல்லமையும் நிறைந்த இறைவன் இவற்றை வேண்டுமென்றே படைத்திருப்பான் எனத் தம்மால் நம்ப இயலவில்லை என்று சார்லஸ் டார்வின் 1860ஆம் ஆண்டில் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். அவருடைய கலக்கம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஆனால் அக்கலக்கத்தில் ஒளிந்துள்ள ஒரு சொல்லை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். அது 'கொடுமை' என்னும் சொல். கொடுமை என்பது வேறு வழி இருந்தும் துன்பத்தைத் தேர்ந்துகொள்வது. இந்த ஈக்கு வேறு வழி தரப்படவில்லை. தான் செய்வது இன்னதென்னும் அறிவும் தரப்படவில்லை. அறிவும் தேர்வும் இல்லாத இடத்தில் துன்பம் உண்டு, இழப்பு உண்டு, குற்றம் இல்லை.

நாமோ அந்த ஈயை நம் வரவு செலவுக் கணக்கைக் கொண்டே நல்லதென்றும் தீயதென்றும் பிரிக்கிறோம். கரும்பின் இளங்குருத்துப் புழுவைக் கொல்லும் ஸ்டர்மியாப்சிஸ் என்னும் ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் அறிஞர்கள் அதனை ஆராய்ந்து, வளர்த்து, தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் விடும் முறையைக் கண்டார்கள். கரும்பு உழவனுக்கு அது தோழன். பட்டுப்புழுவின் உடலில் முட்டையிடும் ஊசி ஈயும் இக்குடும்பத்ததே. 1980இல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த விதைக்கூடுகளோடு கருநாடகத்தில் புகுந்து, பட்டு வளர்ப்போரைப் பெரிதும் வாட்டியது. அதனை ஒழிக்க அந்த ஈயின் கூட்டையே தின்னும் சிறு குளவியை வளர்த்து விடுகிறார்கள். பட்டு வளர்ப்பவனுக்கு அந்த ஈ பகைவன்.

ஆனால் எண்ணிப் பாருங்கள்! ஊசி ஈ பட்டுப்புழுவைக் கொன்றால் அதனைக் கேடு என்கிறோம். அதே புழு தப்பிப் பிழைத்துக் கூடு கட்டினால், கூட்டோடு ஆவியில் அவித்துக் கொதிநீரிலிட்டு நூலெடுக்கிறோம். அதனைத் தொழில் என்கிறோம். இரண்டிலும் புழு இறக்கிறது. பட்டு நெய்பவர் பிழைப்பைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஈயைக் கொடியது என்று வைய நமக்குள்ள உரிமை எத்துணைச் சிறியது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

இதுவரையில் எனக்குக் குழப்பமில்லை. குழப்பம் மறுநாள் வந்தது. பையன் புட்டியை என் மேசைமேல் வைத்து, "மாமா, இவற்றை விட்டுவிடட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான்.

வைத்துக்கொள்வதென்றால் கொல்வது என்று பொருள். ஏன் கொல்ல வேண்டும்? படம் போதாதா? இங்கேதான் இத்துறையின் தீராத இடர் இருக்கிறது. இந்த ஈக்களை இனங்காணும் குறிகள் மிக நுண்ணியவை. முதுகின் பின்முனையில் உள்ள சிறு தகட்டின் அடியிலே ஒரு புடைப்பு. இறக்கை நரம்பு ஒன்று வளையும் கோணம். முகத்திலும் தோளிலும் வயிற்றிலும் எந்தெந்த இடத்தில் எத்தனை முள்மயிர் என்னும் கணக்கு. வெயில் ஏறுமுன், குளிரில் ஈ சோம்பியிருக்கும் வைகறையில் சென்று, நிழல் அதன்மேல் விழாமல் மெல்ல நெருங்கி, மின்னொளியை வெண்தாளால் மென்மையாக்கி, முகம், முதுகு, பக்கம், இறக்கை என நான்கு கோணங்களில் எடுத்தால் குடும்பம் தெரியும்; பேரினமும் சில வேளை தெரியும். ஆனால் இன்ன இனமென்று உறுதியாகச் சொல்லப் பெரும்பாலும் ஆண் ஈயின் வயிற்று நுனியில் மறைந்துள்ள உறுப்பின் வடிவத்தை உருப்பெருக்கியில் காண வேண்டும். உயிரோடு பறந்து செல்லும் ஈ அதனைக் காட்டுவதில்லை. விட்டுவிட்டால் அதற்குப் பெயரில்லை. பெயர் வேண்டுமென்றால் அதற்கு உயிரில்லை.

நம் காவிரிப் படுகையில் பூச்சிகளுக்குப் பெயரிட்ட வரலாறு நெடியது. டேனியர்களின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்னும் படை அலுவலர் சேர்த்த பூச்சிகள் கடல் கடந்து சென்றன; லின்னேயஸின் மாணவரான ஃபப்ரீசியஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றுட் பலவற்றிற்குப் பெயரிட்டார். 20ஆம் நூற்றாண்டில் காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன் தென்னாட்டுக் காடு கழனிகளில் சேகரித்த பூச்சிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. 'நாதனி' என்று அவர் பெயர் தாங்கிய பூச்சியினங்கள் பல. கல்கத்தாவில் வாழ்ந்த புரூனெட்டி என்னும் இசைக்கலைஞர் இந்திய ஈக்களைப் பற்றி 1912, 1920, 1923 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருந்தொகுதிகள் எழுதினார். தேனீயின்மேல் பாய்ந்து அதன் உடலில் முட்டையைச் செருகும் தடித்தலை ஈக்கள் மூன்றாவதாக வந்த தொகுதியில் இடம்பெற்றன. இவர்கள் அனைவரும் ஊசியில் குத்திய உயிரற்ற உடல்களைக் கொண்டே கற்றார்கள். அவ்வுடல்கள் இன்றும் பேசுகின்றன. இளங்குருத்துப் புழுவின் பகைவன் எது என்று தெரிந்ததும் இத்தகைய கல்வியால்தான்.

2015ஆம் ஆண்டில் மார்ஷல், ஈவன்ஹூயிஸ் என்னும் இரு அறிஞர்கள் இவ்வழக்கத்தை மீறினார்கள். தென்னாப்பிரிக்காவில் கண்ட, மரத்துளைக்கும் கருவண்டு போலவே தோன்றும் ஓர் ஈயை, உடலொன்றும் கையிலின்றி, படங்களை மட்டுமே கொண்டு புதிய இனமென அறிவித்துப் பெயரும் இட்டார்கள். பெரும் விவாதம் எழுந்தது. மறு ஆண்டு ஏறத்தாழ ஐந்நூறு அறிஞர்கள் ஒன்றாகக் கையொப்பமிட்டு, படத்தை மட்டும் நம்பிப் பெயரிடுதல் அறிவியலுக்குப் போதாது, தீங்கும் பயக்கும் என்று எழுதினார்கள். அவர்கள் உயிரிரக்கம் அற்றவர்கள் அல்லர். நாளை ஒருவருக்கு ஐயம் எழுந்தால் திரும்பிச் சென்று பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். சாட்சி இல்லாத வழக்கை எந்த நீதிபதி ஏற்பார்?

இருபுறமும் நியாயம் இருப்பதை அறிந்தே நான் விழித்தேன். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அதனை இங்கே மறைப்பது முறையன்று.

நானும் ஒரு காலத்தில் விலங்கியல் மாணவன். ஆண்டிறுதித் தேர்வுக்கு ஐம்பது பூச்சிகளைக் கொன்று, அட்டைப் பெட்டியில் குத்தி ஒப்படைக்க வேண்டும். நான் அறுபத்திரண்டு சேர்த்தேன். வலைவீசிப் பிடித்ததும், புட்டியில் அடைத்ததும், அவை துடித்து அடங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணியதும் இன்றும் நினைவிருக்கிறது. பெட்டியில் 'வண்டு', 'தட்டான்', 'ஈ' என்று எழுதினேன். எங்கே பிடித்தேன், எந்த நாள், எந்தச் செடியில் என்று ஒன்றையும் எழுதவில்லை. எழுதச் சொல்வாரும் இல்லை. மதிப்பெண் கிடைத்தது. விடுமுறை முடிந்து திரும்பியபோது அந்த ஆண்டின் பெட்டிகளெல்லாம் பின்கட்டில் குப்பையாகக் குவிந்து கிடந்தன. என் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை இல்லாமையால் சிறு வண்டுகள் புகுந்து அரித்து, ஊசிகளைச் சுற்றிப் பொடி மட்டுமே எஞ்சியிருந்தது. அறுபத்திரண்டு உயிர்கள்! அவற்றால் ஒரு வரி அறிவும் உலகுக்குச் சேரவில்லை. அந்தப் புழுவைத் தின்ற ஈயாவது தன் குஞ்சை வளர்த்தது. நான் எதை வளர்த்தேன்?

எறும்பொன்று கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்துவிட்ட முற்கால நபி ஒருவர் இறைவனால் கண்டிக்கப்பட்டதை நம் நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். கடித்தது ஒன்று, எரிந்ததோ இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயம். அக்கண்டனத்தின் கூர்மையை நான் இவ்வாறு விளங்கிக்கொள்கிறேன்: மனிதன் ஓர் உயிரை எடுக்கும் நிலை வரலாம், ஆயின் எடுத்த ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல அவன் கடமைப்பட்டவன். ஒன்று போதும் இடத்தில் இரண்டு எடுப்பதற்குக் காரணம் கிடையாது. ஈக்கு இந்தக் கேள்வி இல்லை. கேள்வி நமக்கே உண்டு. அறிவு கொடுக்கப்பட்டவன் மட்டுமே அறிவுக்காகச் செய்ததற்கும் விடை சொல்ல வேண்டும்.

பையனுக்கு ஒரு யோசனை தோன்றியது. சர்க்கரை நீர் கொடுத்துக் கூண்டிலேயே வைத்திருந்து, தானாக இறந்த பின் ஊசியில் குத்தலாம் என்றான். கேட்கும்போது நன்றாகவே இருந்தது. ஆனால் பூனையொன்றை அடைத்து வைத்து மாளவிட்ட பெண்ணின் செய்தியை நினைத்தேன். உணவிட்டு அடைப்பதும் பட்டினியிட்டு அடைப்பதும் ஒன்றல்லதான். எனினும் கொல்லவில்லை என்னும் பெயருக்காக ஓர் உயிரின் வாழ்நாள் முழுதையும் பறிப்பது, குற்றத்தை நீக்குவதாகாது, கண்ணுக்கு மறைப்பதேயாகும்.

முடிவில் நாங்கள் செய்தது இது. மூன்று ஈக்களையும் பல கோணங்களில் படமெடுத்தோம். வெறுமையான மூன்று கூட்டோடுகளையும் கறுத்த கூட்டையும் பத்திரப்படுத்தினோம். அவற்றுக்காக எந்த உயிரும் போகவில்லை, அவையும் சான்றுகளே. மூன்றில் கண்கள் நெருங்கி அமைந்த ஆண் ஈ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். பையன் அதனைக் குளிர்பெட்டியில் வைக்கப் போனபோது நான் உடன் சென்றேன். பிறர் கையால் ஆகட்டும் என்று ஒதுங்கி நிற்க மனம் ஒப்பவில்லை. பின்னர் ஒரு சிறு தாளில் நானே எழுதினேன்: ஸ்ரீரங்கம், கொள்ளிடக் கரை, எருக்கஞ் செடி, வெந்தய வரியன் புழுவிலிருந்து வெளிவந்தது, நாள், மாதம், ஆண்டு. அறுபத்திரண்டு முறை எழுதத் தவறியதை ஒரு முறை எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. அந்த ஈ, இவற்றை ஆராயும் அறிஞர் ஒருவரிடம் செல்ல இருக்கிறது.

மற்ற இரண்டையும் கொள்ளிடக் கரைக்கே கொண்டுபோய் விட்டோம். புட்டியைத் திறந்தபோது அந்த மூதாட்டி என் நினைவில் வந்தார். இவற்றை விடுவதனால் இன்னும் எத்தனை புழுக்கள் மாளுமோ என்று அவர் கேட்டிருப்பார். கேட்கத்தக்க கேள்விதான். ஆயினும் எருக்குக்கும் புழுவுக்கும் ஈக்கும் இடையிலுள்ள அந்தக் கணக்கை எழுதியவர்கள் நாமல்லர். அதன் மொத்தத்தை நாம் அறிந்தவர்களும் அல்லர். அழகியது பிழைக்கட்டும், அழகற்றது அழியட்டும் என்று தீர்ப்பிட நம்மை எவரும் அவ்விருக்கையில் அமர்த்தவில்லை. நம் கை செய்ததற்கு மட்டுமே நம்மிடம் கணக்குக் கேட்கப்படும்.

ஈக்கள் உடனே பறந்துவிடவில்லை. ஒன்று புட்டியின் விளிம்பில் நின்று முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிறகு எழுந்து என் புறங்கையில் வந்தமர்ந்தது. பழக்கத்தால் விரட்டக் கை எழுந்தது. எழுந்த கையை நிறுத்தி, அது தானாகப் போகும் வரையில் அசையாமல் நின்றேன்.